அங்கம் என்பது இணைப்பா?

அருளிச்செயலை ஆங்கிலத்தில் விளக்கப் புகுவோர் ‘அங்கம்’ என்பதற்குச் ‘சப்ளிமென்ட்’ என்று எழுத நேர்வதுண்டு. அது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலச் சொல், ‘நிரப்புதல்’ என்னும் பொருளுடைய லத்தீன் வினையடியாகப் பிறந்தது. நாளிதழோடு வரும் இணைப்பையும், உணவின் குறையை ஈடுசெய்யும் சத்து மாத்திரையையும், 180 பாகையை நிறைக்கும் மிகைநிரப்புக் கோணத்தையும் அது சுட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தபின், விடுபட்ட சொற்களைத் தொகுத்து அநுபந்தம் வெளியிடப்பட்டது. அங்கே இச்சொல் முற்றும் பொருந்தும். முதல் நூலின் குறையைப் பின்வந்தது நிரப்புகிறது.

அங்கமோ அவ்வாறன்று. நம்மாழ்வாரின் நான்கு பிரபந்தங்களை நான்கு வேதங்களாகவும், திருமங்கையாழ்வாரின் ஆறினை ஆறங்கங்களாகவும், மற்றை எண்மரின் பிரபந்தங்களை உபாங்கங்களாகவும் ஆசார்ய ஹ்ருதயத்தில் அழகியமணவாளப் பெருமாள் நாயனார் அருளிச்செய்தார். சிக்ஷை முதலியவை வேதபுருஷனுக்கு மூக்கு, வாய், கண், செவி, கை, கால்களாக ஓதப்படுகின்றன. கண்ணை உடலுக்கு ஓர் இணைப்பு என்பார் இல்லை.

இதனால் விளையும் பொருள்வேற்றுமை சிறிதன்று. தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் அமைந்த திருநீர்மலையை மங்களாசாஸனம் செய்தோர் பூதத்தாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மட்டுமே. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் ஸேவை ஸாதிக்கும் அந்த திவ்யதேசம் உபாங்கத்தாலும் அங்கத்தாலும் மட்டுமே பாடப்பெற்றது. அங்கம் வெறும் இணைப்பாயின், அத்தலத்தின் பெருமை முழுவதும் பின்னிணைப்பில் இடம்பெற்றதாக முடியும். பெரிய திருமொழிக்கும் விரிவாக வ்யாக்யானமிட்ட பெரியவாச்சான் பிள்ளையின் திருவுள்ளம் அதுவன்று.

மீமாம்ஸகர் அங்கத்தைச் ‘சேஷம்’ என்றும் வழங்குவர். பிறிதொன்றன் பொருட்டே இருப்பது சேஷம்; அதனால் முதன்மை அங்கிக்கே உரியது. இவ்விலக்கணத்தையே எம்பெருமானார் வேதார்த்த ஸங்க்ரஹத்தில் தெளிவாக்கி, ஜீவனை ஈச்வரனுக்குச் சேஷன் என்று நிலைநாட்டினார். சேஷியிடம் உள்ள குறையை நிரப்ப ஜீவன் வந்தவனல்லன், அவன் பூர்ணன். அவனுக்கு அதிசயம் விளைப்பதே இவனுக்கு ஸ்வரூபம். திருவனந்தாழ்வான் குடையாகவும் ஆஸனமாகவும் அணையாகவும் ஆவதும் அவனுக்கு இவை இல்லாமையால் அன்று. கைங்கர்யத்தால் தான் சேஷன் என்னும் பெயர் பெறுதற்கே.

ஆகவே அநுபந்தத்தைச் சப்ளிமென்ட் என்க. அங்கத்தையும் சேஷத்தையும் அச்சொற்களாலேயே வழங்கிப் பொருள் உரைப்பதே தகும்.