பயந்தாங்கொள்ளி ஓட்டும் ஆகாயக் கப்பல்

கோடை விடுமுறைக்கு என் பேரன் வந்திருந்தான். மத்தியான வெயிலில் வெளியே போகக் கூடாது என்று அவன் பாட்டி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கம்ப்யூட்டரில் ஒரு கார்ட்டூன் தொடரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்து, கடைசியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

தொடரின் பெயர் ‘ஸ்டார்ம் ஹாக்ஸ்’, அதாவது புயல் பருந்துகள். கனடாவின் வான்கூவர் நகரில் இருந்த நெர்டு கோர் என்ற நிறுவனம் கம்ப்யூட்டர் உதவியால் உருவாக்கியது. படைத்தவர் ஆசாப் ஃபிப்கே. 2007இல் தொடங்கி 2009இல் முடிந்தது. மொத்தம் 52 பகுதிகள். வீரர்கள் எதிரியைத் தேடி யாரும் அறியாத மறுபுறத்துக்குக் கிளம்புவதோடு கதை நிற்கிறது. மூன்றாம் பருவம் வரவே இல்லை. அதே நிறுவனம் 2012இல் கொண்டுவந்த ‘ஸ்லக்டெரா’வைத் தெரிந்த பிள்ளைகள் பலர் உண்டு, இதைத் தெரிந்தவர்கள் குறைவு.

கதை நடக்கும் உலகின் பெயர் அட்மோஸ். அங்கே மக்கள் வாழ்வது உயரமான மலை முகடுகளில். கீழே நெருப்புக் குழம்பும் கொடிய ஜந்துக்களும் நிறைந்த பாழ்நிலம். ஆகவே ஊருக்கு ஊர் போகப் பறந்தே ஆக வேண்டும். ஏரோ என்ற பையனும் அவன் தோழர்களும் பழைய வீரர் படை ஒன்றின் பெயரை மீண்டும் தூக்கி நிறுத்தப் புறப்படுகிறார்கள். வயது போதாது என்று அவர்களைப் பதிவு செய்யவே மறுத்துவிடுகிறார்கள்! ஆனாலும் சைக்ளோனியா என்ற கொடுங்கோல் நாட்டை எதிர்த்துப் போராடுகிறார்கள்.

அவர்களின் வாகனம் ‘ஸ்கிம்மர்’. தரையில் மோட்டார் சைக்கிள். முகட்டின் விளிம்பிலிருந்து பாய்ந்ததும் இறக்கை விரிந்து விமானம். “இது நடக்குமா தாத்தா?” என்று பேரன் கேட்டான். பாதி நடக்கும், பாதி கதை என்றேன்.

இறக்கை தூக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டியிருக்கிறது. மலை விளிம்பிலிருந்து குதிப்பவனுக்கு அந்த வேகத்தைப் புவியீர்ப்பு இனாமாகக் கொடுக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 25 மீட்டர் விழுவதற்குள் மணிக்கு சுமார் 80 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். ஹாங் கிளைடரில் பறப்பவர்கள் மலைச்சரிவைத் தேடிப் போவதும் இதனால்தான்.

மடக்கும் இறக்கையும் கற்பனை அல்ல. 1961இல் நம் கடற்படையில் சேர்ந்த பழைய விக்ராந்த் கப்பலில் இருந்த ‘ஸீ ஹாக்’ விமானங்கள் இறக்கையை மடித்துத்தான் நின்றன. ஆனால் பாய்ந்த பிறகு நடுவானில் விரிப்பது வேறு விஷயம். கீலும் பூட்டும் சரியாக விழாவிட்டால் திருத்திக்கொள்ள அங்கே நேரம் ஏது? எந்திரத்துக்குச் சக்தி கொடுக்கும் மாயப் படிகங்களோ முழுக்கக் கதைதான்.

ஸ்கிம்மர்களைச் சுமந்து செல்லும் பெரிய ஆகாயக் கப்பல் ‘காண்டர்’. அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் ஸ்டார்க் என்ற பச்சை நிறத்துக்காரன். எதைக் கண்டாலும் அவனுக்கு ஆபத்துதான் தெரியும். “தொலைந்தோம்” என்பது அவன் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. மற்றவர்கள் சிரிப்பார்கள். என் பேரனும் சிரித்து, “இவன் சரியான பயந்தாங்கொள்ளி, தாத்தா” என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பழைய கீமேன் ஒருவர் ஞாபகம் வந்துவிட்டார்.

நான் டிப்ளமோ முடித்து வேலையில் சேர்ந்த புதிது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிறிய நிலையம். தினமும் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தோடு நடந்து பார்ப்பது கீமேனின் வேலை. என்னைவிட இருபது வயது மூத்த அவர், வாரத்துக்கு நான்கு புகார் கொண்டுவருவார். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரு டிசம்பர் மாலை, “ஓரிடத்தில் தட்டினால் சத்தம் சரியில்லை, சாப்” என்றார். “உமக்கு எப்போதும் இதே பாட்டுதான்” என்று கடிந்து அனுப்பினேன்.

குளிரில் தண்டவாளம் சுருங்கப் பார்க்கும். சுருங்க வழியில்லாமல் இழுபடும். மயிரிழை விரிசல் இருந்தாலும் அப்போதுதான் வாய் பிளக்கும். என் பேச்சைப் பொருட்படுத்தாமல் அவர் விடியுமுன்பே அங்கே போயிருக்கிறார். பற்றவைத்த இடத்தில் தண்டவாளம் உடைந்து கிடந்தது. இருபுறமும் அபாய வெடிகளை வைத்துவிட்டு, சிவப்பு விளக்கோடு ஓடி, வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டியை நிறுத்திவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வண்டியின் ஜன்னல்களில் குழந்தைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. டீ குடிக்கிறீர்களா என்றுதான் கேட்டார்.

இதைப் பேரனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தொடரை முதலிலிருந்து மறுபடி போட்டான். ஏரோ வாளைச் சுழற்றிச் சண்டை போடும்போது கப்பலைப் பிடித்து நிறுத்தியிருப்பது யார், அடிபட்ட எந்திரத்தை மறுநாளைக்குள் சரி செய்வது யார் என்று கவனிக்கத் தொடங்கினான். பயப்படுகிறவன்தான், ஆனால் கப்பலைக் கைவிட்டு ஓடாமல் சுக்கானைப் பிடித்துக்கொண்டே பயப்படுகிறான். அந்த வித்தியாசத்தை எனக்குச் சொன்னது பேரன்தான்.

நம் பிள்ளைகள் பார்ப்பதையெல்லாம் குப்பை என்று ஒதுக்கிவிடுகிறோம். நம் சங்கக் குடும்பங்களில் பேரப் பிள்ளைகளுக்கும் நமக்கும் இடையே மொழியும் கொஞ்சம் விலகித்தான் நிற்கிறது. ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இறக்கை எப்படித் தூக்குகிறது என்று நாம் தமிழில் சொல்லலாம். அவர்களும் நமக்கு ஏதாவது சொல்வார்கள். ஊருக்குக் கிளம்பும்போது என் பேரன் கேட்டது இதுதான்: “அந்தக் கீமேன் பேர் என்ன தாத்தா?”

சொன்னேன். நான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது.