டவர் இல்லாத நெட்வொர்க்

சேலம் புதிய பஸ் ஸ்டாண்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் இருவர் செல்போனில் பேசிக்கொண்டாலும் குரல் நேராகப் போவதில்லை. டவருக்கு ஏறி, கம்பெனியின் சுவிட்ச்சுக்குப் போய், மறுபடி டவர் வழியாக இறங்குகிறது. டவர் சாய்ந்தால் பக்கத்துச் சீட்டுக்கும் பேச்சு கிடையாது. டவரே வேண்டாம், கருவிகள் தங்களுக்குள்ளேயே கைமாற்றிச் செய்தியைச் சேர்க்கட்டும் என்பதுதான் 'மேனெட்' எனப்படும் நெட்வொர்க்கின் அடிப்படை. இதில் ஒவ்வொரு கருவியும் போனாகவும் இருக்கும், டவராகவும் இருக்கும்.

யோசனை ராணுவத்திலிருந்து வந்தது. போர்க்களத்தில் டவர் நட்டால் எதிரி முதலில் அதைத்தான் அடிப்பான். அதனால் அமெரிக்காவின் டார்பா அமைப்பு 1970களிலேயே 'பாக்கெட் ரேடியோ' ஆய்வில் இறங்கியது. இணைய விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். 1997இல் இதற்கெனத் தனிக்குழு அமைத்தது. 2004இல் சென்னை ஐ.ஐ.டி.யின் சி. சிவராம மூர்த்தியும் பி.எஸ். மனோஜும் இதைப் பற்றி எழுதிய பாடநூல் வெளிவந்தது. சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் இன்ஜினீயரிங் படித்தவர்களைக் கேட்டால் தெரியும்: ஃபைனல் இயர் புராஜெக்ட் என்றால் 'மேனெட்', அதை ஓட்டிப் பார்க்க 'என்.எஸ்-2' சாஃப்ட்வேர் என்று ஒரு காலம் இருந்தது.

அந்தப் புராஜெக்டுகளில் அதிகம் அடிபட்ட பெயர் ஏ.ஓ.டி.வி. சார்லஸ் பெர்கின்ஸும் எலிசபெத் ராயரும் 1999இல் முன்வைத்த வழிதேடும் முறை இது. ஆண்டகளூர் கேட் பக்கம் வரிசையாக ஓடும் லாரிகளில் ஆளுக்கொரு சிறிய ரேடியோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சில நூறு மீட்டர் எட்டும். கடைசி லாரி, இரண்டு கிலோமீட்டர் முன்னால் போகும் லாரிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். "அந்த லாரிக்கு வழி தெரியுமா?" என்று அது சுற்றிலும் கேட்கும். கேள்வி காதில் விழுந்த ஒவ்வொரு கருவியும், அது யாரிடமிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு, தானும் ஒருமுறை கேட்கும். கேள்விக்கு எண் உண்டு. அதே எண் மறுபடி வந்தால் கண்டுகொள்ளாது. கேள்வி போய்ச் சேர்ந்ததும், குறித்துவைத்த தடத்தைப் பிடித்துப் பதில் திரும்பி வரும். முழு வழியும் யாருக்கும் தெரியாது. அடுத்து யாரிடம் கொடுப்பது என்பது மட்டும் தெரியும்.

சிக்கல், லாரிகள் ஓடிக்கொண்டே இருப்பது. பக்கத்தில் இருப்பவர் இன்னும் இருக்கிறாரா என்று அறிய, கருவிகள் நொடிக்கொரு முறை 'ஹலோ' சொல்லும். இரண்டு ஹலோ தவறினால் அந்த இணைப்பு அறுந்ததாகக் கணக்கு. வழி போச்சு என்று பின்னால் தகவல் சொல்லிவிட்டு மறுபடி தேட வேண்டும். பதில்களில் எது புதியது என்பதற்கும் ஒரு வரிசை எண் உண்டு. அதைப் பெரிதாக்கிப் பொய் சொல்லும் கருவி எல்லாச் செய்தியையும் தன் பக்கம் இழுத்து விழுங்கிவிடும். 'பிளாக் ஹோல்' தாக்குதல் என்பது இதுதான்.

இன்னொரு தடை கணக்கிலேயே இருக்கிறது. பியூஷ் குப்தாவும், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பி.ஆர். குமாரும் 2000இல் இதை நிறுவினார்கள். ஒருவர் பேசும்போது அக்கம்பக்கம் வாயை மூட வேண்டும். அதோடு ஊரார் சுமையையும் தூக்க வேண்டும். எனவே நிலையாக நிற்கும் கருவிகள் நூறு மடங்கானால், ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் வேகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

அடுத்த திருப்பம் சுவாரசியமானது. 2002இல் கிராஸ்கிளாசர், டேவிட் சே இருவரும், தொல்லை என்று நினைத்த நகர்வே உதவியாகும் என்று காட்டினார்கள். அவசரம் இல்லையென்றால், போகிறவரிடம் செய்தியைக் கொடுத்துவிடலாம். அவர் உரியவரை நெருங்கும்போது ஒப்படைப்பார். நமக்குப் பக்கத்திலேயே கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுரத்தில் இதே தத்துவத்தை 'டாக்நெட்' என்ற திட்டம் செய்து பார்த்தது. வைஃபை பெட்டி மாட்டிய பஸ் கிராமங்களைக் கடக்கும்போது, நிலப் பதிவேடு தொடர்பான விவரங்களை ஏற்றி இறக்கிக்கொண்டு தாலுகா தலைநகருக்குப் போய் வந்தது.

அப்படியானால் வண்டி எப்படி ஓடுகிறது என்பதே முக்கியம். கம்ப்யூட்டர் சோதனைகளில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 'ரேண்டம் வேபாயின்ட்' மாதிரியிலோ, புள்ளிகள் ஒரு சதுரத்துக்குள் மனம்போன இடத்துக்கு, மனம்போன வேகத்தில் போகும். மெதுவான வேகத்தில் கிளம்பிய புள்ளி போய்ச்சேர வெகுநேரம் பிடிக்கும். அதனால் நேரம் ஆக ஆக மெதுவானவையே மிஞ்சி, சராசரி வேகம் விழுந்துகொண்டே போகும். இதை 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். சோதனையின் தொடக்கத்தில் கிடைத்த முடிவு கடைசியில் நிற்காது.

நாமக்கல் லாரி அப்படித் திரிவதில்லை. தேசிய நெடுஞ்சாலை 44இல் நேர்க்கோடாக ஓடும், டோல்கேட்டில் கும்பலாகும், லோடு இறக்க மணிக்கணக்கில் நிற்கும். அந்த ஓட்டத்தின் ஜி.பி.எஸ். பதிவு லாரி ஆபீஸ்களிலேயே இருக்கிறது. உரிமையாளர் சம்மதத்தோடு, வண்டி எண்ணை நீக்கிவிட்டு அதை வாங்கிச் சோதித்தால், கொடுத்த செய்தி எத்தனை மணி நேரத்தில் சேரும் என்று சொல்ல முடியும். இந்த வட்டாரத்து மாணவர்களுக்கு அதைவிட நல்ல புராஜெக்ட் இல்லை.