கட்டிலருகே ஒரு கேலிச்சித்திரம்

முடிவு தெரியாமல் நீளும் எந்தக் காரியத்தையும் 'கன்னித்தீவு' என்று சொல்லிவிடுவது தமிழ்நாட்டு வழக்கம். தினத்தந்தியில் 1960-ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் படக்கதை, தலைமுறைகளைக் கடந்து நாள்தோறும் சில கட்டங்களாக நீண்டது. மந்திரவாதி மூசாவின் வித்தையால் சிற்றுருவாகிப்போன இளவரசி லைலாவைப் பழைய உருவுக்குக் கொண்டுவர, சிந்துபாத் கடல்கடலாக அலைந்தான். எங்கள் வார்டுகளிலும் இப்பெயர் அடிக்கடி காதில் விழும். "எங்க வைத்தியம் கன்னித்தீவு கதையா ஆயிடுச்சுங்க டாக்டர்" என்று துணையிருப்போர் சலித்துக்கொள்வார்கள். அச்சலிப்பின் நியாயம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும், அப்படக்கதையைப் படித்து வளர்ந்தவர்கள் என்ற முறையில் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். அதன் முடிவுக்காக எவரும் ஏங்கிக் கிடந்ததில்லை. அன்றைய கட்டங்களைப் படித்தார்கள். மறுநாள் மீண்டும் நாளிதழை எடுத்தார்கள். நெடுநாள் சிகிச்சையில் இருப்பவருக்கும் இப்பழக்கம் உதவும்.

படக்கதை நாளையை நோக்கி அழைக்கிறது என்றால், கேலிச்சித்திரம் இன்றைய நாளோடு நம்மைக் கட்டிவைக்கிறது. டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழில் ஆர்.கே.லட்சுமண் 1951 முதல் வரைந்த 'யூ செட் இட்' என்ற சிறு கட்டத்தை நினைத்துப்பாருங்கள். கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்த சாமானியர் அதில் வாய்திறவாமல் நிற்பார், சுற்றியிருப்பவர்கள் பேசுவார்கள். தினமணியில் மதி வரைந்த 'அடடே'யும் அவ்வகையே. இவற்றைச் சுவைக்க முந்தைய நாளின் செய்தி தெரிந்திருக்க வேண்டும். முகபாவம் புரிய வேண்டும். சொல்லுக்கும் படத்துக்கும் இடையிலுள்ள முரண் பிடிபட வேண்டும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் இச்செயலில் பார்வை, நினைவு, மொழி, கவனம் ஆகிய நான்கும் சேர்ந்து உழைக்கின்றன.

மருத்துவமனையில் முதலில் தொலைந்துபோவது காலம். தீவிர சிகிச்சைப் பிரிவில் விளக்குகள் இரவிலும் எரிகின்றன; தூக்கம் துண்டுதுண்டாகிறது. முதியவர்கள் பலருக்கு அங்கே டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் ஏற்படுகிறது. இன்று என்ன கிழமை, தாம் எங்கே இருக்கிறோம் என்பது அவர்களுக்கு மறந்துபோகிறது. இதைத் தடுப்பதில் எளிய வழிகளுக்குப் பெரும் பங்குண்டு. மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் வேண்டும். அறிந்த குரல் ஒன்று அன்றைய தேதியையும் செய்தியையும் சொல்ல வேண்டும். முழுச் செய்தியைப் படிக்கும் வலு இல்லாதவராலும் பெரும்பாலும் ஒரு கேலிச்சித்திரத்தைப் பார்க்க முடியும்.

பக்கவாதம் வந்தவர்களிடம் இச்சிறு கட்டம் வேறொன்றையும் காட்டித்தரும். கேலிச்சித்திரங்களை விடாமல் படித்துவந்த பெரியவர் ஒருவர், மூளையின் வலப்பாதியில் ஏற்பட்ட பாதிப்புக்குப் பின் அவற்றைப் புரட்டித் தள்ளத் தொடங்கினார். "அப்பாவுக்கு எதிலுமே பிடிப்பு இல்லாமல் போய்விட்டது" என்று மகள் கலங்கினார். ஒரு படத்தைக் காட்டி, அதில் இருப்பவர்களைச் சொல்லுமாறு கேட்டோம். வலப்புறம் நின்ற அமைச்சரை மட்டுமே அவர் சொன்னார். இடப்புறம் காலிக் குடத்தோடு நின்ற பெண் அவர் கவனத்துக்கு வரவேயில்லை. கண் பார்த்தும் மூளை இடப்புறத்தைக் கணக்கில் கொள்ளாத நிலை இது. பாதி படம் மட்டும் எட்டும்போது நகைச்சுவை எப்படி எட்டும்? தந்தையின் மனம் விலகிவிடவில்லை என்று அறிந்ததே அம்மகளுக்குப் பெரிய ஆறுதலாயிற்று. நாளிதழின் இடது ஓரத்தில் சிவப்பு மையால் தடித்த கோடு போட்டு, "கோடு தெரியும்வரை பாருங்கள்" என்று பழக்கினோம். சில வாரங்களில் குடம் ஏந்திய பெண்களும் அவர் கண்ணில் படலானார்கள்.

மூளையின் இடப்பாதி பாதிக்கப்பட்டால் பலருக்குச் சொற்கள் நழுவிப்போகும். அவர்களுக்கு வசனமே இல்லாத சிரிப்புப் படங்கள் உதவக்கூடும். சொல் கிட்டாத போதும் படத்தின் வேடிக்கை பலருக்கு விளங்குகிறது. அத்தகைய படங்களில் தேர்ந்தவர், ஆனந்த விகடன் வாசகர்கள் நன்கறிந்த கோபுலு. பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது அவர் இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். லட்சுமணுக்கும் 2003-இல் பக்கவாதம் வந்து இடப்பக்கம் பாதிக்கப்பட்டது. அதன் பின்னரும் அவர் சாமானியரை வரைந்தார். நோய்க்குப் பின் கோடு சற்று நடுங்கலாம்; வரைபவர் அவரேதான். இதைப் பயிற்சிக் கூடத்தில் சோர்ந்து அமர்பவர்களிடம் அடிக்கடி சொல்கிறோம்.

துணையிருப்போர் கவனிக்கச் சில குறிப்புகள். படத்தைக் காட்டியதும் விளக்கத் தொடங்காதீர்கள். நோயாளி தாமாகப் பார்த்து முடிக்கட்டும். சிரிக்காவிட்டால் அதைத் தேர்வுபோல் ஆக்கிக் கேள்விமேல் கேள்வி கேட்காதீர்கள். அவர் வழக்கமாகப் படிக்கும் நாளிதழையே வாங்கி வாருங்கள். பழகிய கட்டம் பழகிய இடத்தில் இருப்பதே ஓர் ஊன்றுகோல். அறுவை சிகிச்சை ஆனவர்கள் சிரிப்பு வரும்போது சிறு தலையணையைக் காயத்தின்மேல் மெல்ல அணைத்துக்கொண்டால் வலி குறையும். மனம் நொந்திருக்கும் நாளில் சிரிப்பை வற்புறுத்தவும் வேண்டாம். அப்போது படத்தைக் கத்தரித்து எடுத்துவைத்தால் போதும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நேற்றுவரை இயல்பாகப் படித்தவருக்கு இன்று திடீரென எழுத்து புரியாமல் போனாலோ, ஒருபுறம் தெரியாமல் போனாலோ, பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, அது களைப்பு என்று காத்திருக்கக் கூடாது. வார்டில் இருந்தால் செவிலியரை உடனே அழையுங்கள். வீட்டில் இருந்தால் 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். எவ்வளவு விரைகிறோமோ அவ்வளவு நன்மை.

மற்ற நாட்களில் அவசரம் ஏதுமில்லை. நாளைக் காலை நாளிதழ் வந்ததும் முதலில் அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுங்கள். பிறகு படமிருக்கும் பக்கத்தை மடித்து அவர் கையில் வையுங்கள்.