கெச்சப் கேட்டால் முறைப்பார்கள்! சிகாகோ ஹாட் டாக்கை வீட்டிலேயே செய்வது எப்படி?

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஏதாவது ஒரு பழைய ஹாட் டாக் கடை முன்பு நின்று, "கொஞ்சம் கெச்சப் போடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். சில கடைகளில் ஒரு முறைப்பு கிடைக்கும். சில கடைகளில், "வேணும்னா நீங்களே போட்டுக்கோங்க" என்று பாக்கெட்டை நீட்டுவார்கள். கெச்சப்பே வைத்துக்கொள்ளாத கடைகளும் உண்டு.

சிகாகோவைச் சொந்த ஊராக்கிக்கொண்ட பராக் ஒபாமாவும் இந்தக் கட்சிதான். 2016-ல் வியட்நாமில் சமையல் கலைஞர் ஆண்டனி போர்டெய்னுடன் அமர்ந்து சாப்பிட்டபோது, எட்டு வயதைத் தாண்டியவர்கள் ஹாட் டாக்கில் கெச்சப் ஊற்றக் கூடாது என்று சொன்னார்.

ஒரு பன்னுக்கு இவ்வளவு ரோஷமா என்று தோன்றலாம். ஆனால், அந்த பன்னுக்குள் ஒரு நகரத்தின் பசியும், பிழைக்க வந்தவர்களின் கதையும் இருக்கின்றன. அதைத் தெரிந்துகொண்டு செய்தால், ருசியும் சரியாக அமையும்.

பன்னுக்குள் ஒரு தோட்டம்

ஹாட் டாக் என்றால் நீளமான பன்னை நடுவில் பிளந்து, வெந்த சாசேஜை வைத்துக் கொடுப்பது. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இதன் அலங்காரம் மாறும். சிகாகோவில் மட்டும் அது ஒரு காய்கறிக் கடை போல இருக்கும்.

கசகசா தூவிய பன், மாட்டிறைச்சி சாசேஜ், மஞ்சள் நிற மஸ்டர்டு சாஸ், இனிப்பும் புளிப்புமான பச்சை ரெலிஷ், பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டுகள், நீளவாக்கில் வெட்டிய ஊறிய வெள்ளரி, வினிகரில் ஊறிய குட்டி மிளகாய், கடைசியாக ஒரு சிட்டிகை செலரி உப்பு. சாசேஜைத் தோட்டத்துக்குள் இழுத்து வந்தது போல இருக்கிறது என்று சிகாகோ மக்களே இதைக் கேலியாகச் சொல்வார்கள்.

1893: கண்காட்சியில் தொடங்கிய வியாபாரம்

1893-ல் சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. அதையொட்டி நடந்த சர்வ சமய மாநாட்டில்தான் சுவாமி விவேகானந்தர் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அதே கண்காட்சியில், ஆஸ்திரியா-ஹங்கேரியில் இருந்து பிழைப்புத் தேடி வந்திருந்த எமில் ரைக்கேல், சாம் லடானி என்ற இருவர் சாசேஜ் விற்றார்கள். அவர்கள் தொடங்கிய வியாபாரம்தான் பிறகு 'வியன்னா பீஃப்' நிறுவனமாக வளர்ந்தது என்பது அந்த நிறுவனம் சொல்லும் வரலாறு. இன்றும் சிகாகோவில் பெரும்பாலான ஹாட் டாக் கடைகளின் வாசலில் அந்தப் பெயரைப் பார்க்கலாம்.

சிகாகோ அப்போது அமெரிக்காவின் இறைச்சித் தலைநகரம். அங்கிருந்த தொழிற்சாலைகளின் சுகாதாரக் கேட்டை எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேர் தன் 'தி ஜங்கிள்' நாவலில் எழுத, நாடே அதிர்ந்தது. நாவல் புத்தகமாக வந்த 1906-லேயே இறைச்சியைப் பரிசோதிக்கும் சட்டம் நிறைவேறியது. சாசேஜுக்குள் என்ன இருக்கிறது என்ற சந்தேகம் மக்களுக்கு இருந்த காலம் அது. அதனால், யூதர்களின் உணவு முறையைப் பின்பற்றி, பன்றி இறைச்சி கலக்காமல் மாட்டிறைச்சியை மட்டும் வைத்துச் செய்த சாசேஜுக்குத் தனி மதிப்பு கிடைத்தது. சிகாகோ ஹாட் டாக்கில் இன்றும் அந்த வகைதான்.

5 சென்ட்டில் ஒரு வேளைச் சாப்பாடு

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. வேலை போனது, கையில் இருந்த காசும் போனது.

சிகாகோவின் மேக்ஸ்வெல் தெரு, புதிதாகக் குடியேறியவர்கள் கடை போட்ட சந்தைப் பகுதி. யூதர்கள், இத்தாலியர்கள், கிரேக்கர்கள் எனப் பலரும் அங்கே வியாபாரம் செய்தார்கள். காய்கறி மலிவாகக் கிடைத்தது. 'ஃப்ளூக்கீஸ்' என்ற கடை அங்கே 1929-ல் தொடங்கி, சாசேஜ் மேல் காய்கறிகளைக் குவித்து 5 சென்ட்டுக்கு விற்றதாக அந்தக் கடைக்காரர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். அதற்கு 'மந்தகால சாண்ட்விச்' என்றே பெயர். முதலில் செய்தது நாங்கள்தான் என்று சொல்லும் கடைகள் வேறும் உண்டு.

யார் முதலில் செய்திருந்தாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு சாசேஜ் மட்டும் வயிற்றை நிரப்பாது. மேலே தக்காளி, வெங்காயம், வெள்ளரி சேர்ந்தால் அது ஒரு வேளைச் சாப்பாடு. ஐந்து சென்ட் வைத்திருந்தவருக்கு ஒரே கையில் ரொட்டி, இறைச்சி, காய்கறி மூன்றும் கிடைத்தன. வீட்டில் செய்யும்போதும் இதை மறக்கக் கூடாது. சாசேஜ் ஒன்று போதும், காய்கறி தாராளமாக இருக்க வேண்டும்.

தேவையானவை (4 பேருக்கு)

ஹாட் டாக் பன் - 4
சாசேஜ் - 4 (மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் சிக்கன் சாசேஜ் வாங்கலாம்)
பிஞ்சு வெள்ளரிக்காய் - 4
நாட்டுத் தக்காளி - 2
பெரிய வெங்காயம் - 1
காரம் குறைந்த பச்சை மிளகாய் - 8
மஞ்சள் மஸ்டர்டு சாஸ் - தேவையான அளவு
வினிகர் - ஒன்றரை கப்
சர்க்கரை - கால் கப்
கசகசா, செலரி விதை, சதகுப்பை, கடுகு, பூண்டு, உப்பு - சிறிதளவு

மஸ்டர்டு சாஸுக்குப் பதிலாக வீட்டில் இருக்கும் கடுகை அரைத்துப் போட்டுவிடாதீர்கள். நம் கடுகு மூக்கில் ஏறும். அமெரிக்க மஸ்டர்டு சாஸ், காரம் குறைந்த வெளிர் மஞ்சள் கடுகில் செய்வது. அதன் பளிச்சென்ற நிறத்துக்குக் காரணம் அதில் சேரும் மஞ்சள் தூள்!

முதல் நாளே செய்ய வேண்டியவை

ஊறிய வெள்ளரி: இரண்டு வெள்ளரிக்காய்களை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, சுத்தமான கண்ணாடி பாட்டிலில் நிற்க வையுங்கள். ஒரு கப் தண்ணீர், ஒரு கப் வினிகர், ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு, நசுக்கிய பூண்டு மூன்று பல், அரை டீஸ்பூன் சதகுப்பை சேர்த்துக் கொதிக்கவிட்டு, வெள்ளரி மூழ்கும்படி ஊற்றுங்கள். 'டில்' என்று வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் வருவது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இந்தச் சதகுப்பைதான்.

ஊறிய மிளகாய்: பச்சை மிளகாயை ஊசியால் இரண்டு இடத்தில் குத்தி, சிறிய பாட்டிலில் போட்டு, மீதமுள்ள அதே தண்ணீரை ஊற்றுங்கள். சிகாகோவில் போடுவது 'ஸ்போர்ட் பெப்பர்' என்ற குட்டி மிளகாய்.

ரெலிஷ்: மீதி இரண்டு வெள்ளரியைப் பொடியாக நறுக்கி, ஒரு டீஸ்பூன் உப்புப் பிசிறி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட்டு, கால் கப் சர்க்கரை, கால் கப் வினிகர், அரை டீஸ்பூன் கடுகு சேர்த்து மிதமான தீயில் பத்து நிமிடம் சுண்ட விடுங்கள். சிகாகோ கடைகளில் இது கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருக்கும். அது சேர்த்த நிறம். வீட்டில் அது தேவையில்லை.

மூன்றையும் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். இவை எண்ணெய் ஊறுகாய் போல வெளியில் தாங்காது. ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

செலரி உப்பு: ஒரு டீஸ்பூன் செலரி விதையைப் பொடித்து, இரண்டு டீஸ்பூன் தூள் உப்புடன் கலந்தால் தயார்.

சாசேஜ் கொதிக்கக் கூடாது

பலரும் தவறு செய்வது இங்கேதான். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது சாசேஜைப் போட்டால், தோல் வெடித்து, சுவையெல்லாம் தண்ணீரில் போய்விடும். தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, மேலே ஆவி மட்டும் வரும் பக்குவத்தில் சாசேஜைப் போட்டு ஆறேழு நிமிடம் வைத்தால் போதும். உள்ளே வரை ஆவி பறக்கச் சூடாக இருக்க வேண்டும்.

இது ஏற்கெனவே வேகவைத்து பேக் செய்த சாசேஜுக்கான நேரம். பச்சை இறைச்சியில் செய்தது என்றால் உள்ளே முழுவதும் வேகும் வரை சமைக்க வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். கர்ப்பிணிகள் பாக்கெட்டைப் பிரித்து அப்படியே சாப்பிடவே கூடாது. லிஸ்டீரியா என்ற கிருமி கருவுக்கு ஆபத்தானது.

பன்னில் கசகசா இல்லையென்றால், மேலே பால் தடவி, கசகசாவைத் தூவி, தோசைக்கல்லில் கவிழ்த்து சில விநாடிகள் சூடாக்குங்கள். கசகசாவுக்குத் தடை உள்ள ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் இருப்பவர்கள் எள் தூவிக்கொள்ளலாம். பிறகு இட்லிப் பானையில் ஒரு நிமிடம் ஆவி காட்டுங்கள். மூடியில் இருந்து தண்ணீர் சொட்டாமல் இருக்க, பன்னின் மேல் ஒரு துணியைப் போடுங்கள். பன் பஞ்சு போல ஆகிவிடும்.

அடுக்கும் வரிசை

பன்னைப் பிளந்து (இரண்டாகப் பிரிந்துவிடாமல்) சாசேஜை வையுங்கள். அதன் மேல் நீளமாக மஸ்டர்டு சாஸ். அடுத்து ஒரு ஸ்பூன் ரெலிஷ். பிறகு வெங்காயம். சாசேஜுக்கும் பன்னுக்கும் இடையே ஒரு பக்கம் தக்காளித் துண்டுகள், மறுபக்கம் ஊறிய வெள்ளரி. மேலே இரண்டு மிளகாய். கடைசியாக ஒரு சிட்டிகை செலரி உப்பு. சாசேஜ், சாஸ், ஊறிய காய் எல்லாவற்றிலும் ஏற்கெனவே உப்பு இருப்பதால் சிட்டிகைக்கு மேல் போட வேண்டாம்.

பன் கிழிகிறது, காய் வழிகிறது என்றால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். காகிதத்தில் சுற்றிக் கையால் சாப்பிடுவதுதான் முறை.

கெச்சப் ஏன் வேண்டாம்?

ஒரு கடி கடித்தாலே தெரியும். இனிப்பு ரெலிஷில் இருக்கிறது. புளிப்பு ஊறிய வெள்ளரியில் இருக்கிறது. தக்காளியே பன்னுக்குள் இருக்கிறது. கெச்சப்பின் சர்க்கரையும் அதில் சேர்ந்தால் எல்லாம் இனிப்பாகி, காரமும் துவர்ப்பும் காணாமல் போய்விடும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

பன்னின் நீளத்துக்குக் கேரட்டைத் தோல் சீவி, முனைகளை உருட்டிச் செதுக்கி, முக்கால் பதம் வேகவையுங்கள். சோயா சாஸ், பூண்டு விழுது, மிளகாய்த் தூள், சிறிது வினிகர் கலவையில் ஓர் இரவு ஊறவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் புரட்டி எடுங்கள். மற்ற அடுக்கெல்லாம் அப்படியே.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் முன்...

இதைக் கட்டாயம் படியுங்கள். சாசேஜின் உருளை வடிவமும் வழுக்கும் தன்மையும் சிறு குழந்தையின் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடக் கூடியவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010-லேயே இதை எச்சரித்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வட்ட வட்டமாக வெட்டிக் கொடுக்கவே கூடாது. முதலில் நீளவாக்கில் நான்காகப் பிளந்து, பிறகு பொடியாக வெட்டி, உட்காரவைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டே சாப்பிட விடாதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஓர் எல்லை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சாசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் 2015-ல் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவிகிதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. ஒரு சாசேஜே ஏறக்குறைய அந்த எடைதான். ஆகவே எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஹாட் டாக் சரி, தினசரி டிபனுக்கு வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

அன்று கையில் காசில்லாததால் இறைச்சியைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டினார்கள். இன்று உடம்புக்காக அதையே செய்ய வேண்டியிருக்கிறது. இந்த ஞாயிறு செய்து பாருங்கள். வீட்டில் யாராவது கெச்சப் பாட்டிலைத் தேடினால், முறைப்பதற்கு முன் இந்த ஐந்து சென்ட் கதையைச் சொல்லுங்கள்!