சண்டைக்குச் சேர்த்தது, காட்சிக்கு நிற்கிறது

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பழைய ஆயுதக் கிடங்கு ஒன்று இருக்கிறது. ஒட்டோமான் படைகளை எதிர்கொள்ள 1640-களில் கட்டியது. வாள், ஈட்டி, துப்பாக்கி, கவசம் என ஏறக்குறைய 32,000 பொருள்கள் நான்கு மாடிகளில் வரிசைகட்டி நிற்கின்றன. குதிரைக்கும் அங்கே இரும்புக் கவசம் உண்டு.

அந்தக் காலத்தில் மார்புக் கவசத்தைச் சுட்டுப் பார்த்துச் சோதிப்பார்கள். குண்டு துளைக்காமல் குழி மட்டும் விழுந்தால், அந்தக் குழியே தரச் சான்று!

1749-ல் இந்தக் கிடங்கைக் கலைத்துவிட நினைத்தார் பேரரசி மரியா தெரசா. முன்னோரின் வீரத்துக்கு நினைவுச் சின்னமாக இருக்கட்டும் என்று கிராஸ் அடங்கிய ஸ்டைரியா மாகாணத்தின் பிரதிநிதிகள் கேட்டுக்கொண்டார்கள். பேரரசியும் சம்மதித்தார். அப்படித் தப்பிய கிடங்குதான் இன்று அருங்காட்சியகம்.