நெஞ்சுப் படங்கள்: எதற்கு எது?

இருமல் நாட்பட்டுப் போனால் டொக்டர் "நெஞ்சைப் படம் எடுத்துக்கிட்டு வாங்க" என்று துண்டு எழுதிக் கொடுப்பார். "படம் எடுக்கிற அளவுக்கு வந்திருச்சா?" என்று பயந்து, அந்தத் துண்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. படம் நோயைக் கொண்டு வருவதில்லை, இருக்கிற நோயைக் காட்டுகிறது. அவ்வளவுதான்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. இந்த விளக்கம் நமக்கும் அங்குள்ள நம் சொந்தக்காரர்களுக்கும் பொதுவானது. வன்னியில் இருப்பவர்கள் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றும் உண்டு. அது நான்காவதாக வருகிறது.

1. எக்ஸ்ரே

முதலில் எடுப்பது இதுதான். 1895இல் ஜெர்மனியில் ரொன்ட்ஜன் என்ற விஞ்ஞானி இந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாகவும், எலும்பு வெள்ளையாகவும் தெரியும். சளிக்காய்ச்சல் (நிமோனியா), காசநோய், கட்டி, நீர் எல்லாம் வெள்ளைத் திட்டாக விழும். அதனால் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து "இது காசநோய்தான்" என்று முடிவுகட்ட முடியாது. ஆறிப்போன பழைய தழும்பும் அப்படியே தெரியும். சளிப் பரிசோதனை செய்தால்தான் கிருமி இருக்கிறதா என்பது உறுதியாகும்.

கதிருக்குப் பயப்பட வேண்டாம். சும்மா இருக்கும்போதே இயற்கையிலிருந்து சுமார் 10 நாளில் நம் உடம்பில் படுகிற அளவுதான் ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் படுகிறது. ஆனாலும் வயிற்றில் பிள்ளை இருந்தால், அல்லது இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

2. சி.ரி. ஸ்கேன்

இதுவும் எக்ஸ்ரே கதிர்தான். பாணை வெட்டி ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பது போல நெஞ்சைக் குறுக்குவாட்டில் காட்டும். எக்ஸ்ரேயில் மறைந்திருக்கும் சின்னக் கட்டியும் இதில் தெரியும். கதிர் அளவு அதிகம். இயற்கையாகச் சுமார் 2 வருடத்தில் படுகிற அளவு. அதனால் "எனக்கும் ஸ்கேன் எழுதுங்க" என்று நாமாகக் கேட்கக் கூடாது, டொக்டர் சொன்னால் தட்டவும் கூடாது. சிலருக்கு நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பார்கள். சிறுநீரகக் கோளாறு, சீனி வருத்தம், மருந்து ஒவ்வாமை இருந்தால் சொல்லுங்கள்.

3. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்

கர்ப்பிணிகளுக்குச் செய்யும் அதே ஸ்கேன். கதிர் கிடையாது, ஒலி அலைதான். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா, ஊசி எந்த இடத்தில் போட்டு எடுக்கலாம் என்று பார்க்க உதவும். காற்றுக்குள் ஒலி சரியாகப் போகாததால் நுரையீரலின் உட்பக்கம் தெரியாது.

4. எம்.ஆர்.ஐ.

நுரையீரலுக்கு இதைச் செய்வது குறைவு. இதில் கதிர் இல்லை, ஆனால் பலமான காந்தம் இருக்கிறது. 2009இல் முடிந்த யுத்தத்தில் செல் துண்டோ சன்னமோ உடம்பில் தங்கிவிட்ட பலர் இன்றும் வன்னியில் வாழ்கிறார்கள். அந்த இரும்பைக் காந்தம் அசைத்தால் கண், இரத்தக் குழாய், நரம்பு சேதமாகலாம். காயம் ஆறிப் பல வருடம் ஆனாலும், ஒரு துண்டு உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே சொல்லிவிட வேண்டும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். எக்ஸ்ரேக்கும் சி.ரி.க்கும் இந்த ஆபத்து இல்லை. ஆனால் துண்டு படத்தில் வெள்ளையாகத் தெரியும் என்பதால் அப்போதும் சொல்வது நல்லது.

ஞாபகத்தில் வையுங்கள்

* இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் அங்கே இலவசம்.
* படம் எடுக்கும்போது சங்கிலி, தாலிக்கொடி, ஊக்கு கழற்றச் சொன்னால் மனம் சங்கடப்பட வேண்டாம். உலோகம் நோயை மறைத்துவிடும்.
* பழைய படங்களை வீசாதீர்கள். ஊர் மாறிப் போனாலும் கையோடு கொண்டுபோங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தழும்பு எது, புது நோய் எது என்று டொக்டருக்குத் தெரியும்.