லோகோ பைலட்டுகளுக்கு ஏன் இவ்வளவு தட்டுப்பாடு? நெய்வேலி ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு இதில் என்ன இருக்கு?

நெய்வேலியில் ஐ.டி.ஐ. முடித்த பையனிடம் ‘அடுத்து என்னப்பா?’ என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில்: ‘என்.எல்.சி. அப்ரண்டிஸ்’. சரி, அது முடிந்த பிறகு? அங்கேதான் சிக்கல். அப்ரண்டிஸ் பயிற்சி நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அதே ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் சான்றிதழோடு ரயில்வேக்கும் போகலாம். அங்கே ஆள் தேவை நிறையவே இருக்கிறது.

எவ்வளவு? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிடைத்த பதில்படி, 2024 மார்ச் 1 அன்று ரயில் ஓட்டும் பணியிடங்கள் 1,27,644. அதில் காலி 18,766. ஆனால் அந்த ஜனவரியில் உதவி லோகோ பைலட் (ஏ.எல்.பி.) பணிக்கு அறிவிக்கப்பட்டது வெறும் 5,696 இடங்கள். ஜூன் 17-ல் மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. சில நாட்களிலேயே அந்த எண்ணிக்கை 18,799 ஆனது. விபத்து நடந்தால்தான் காலியிடம் கண்ணுக்குத் தெரியுமா?

சரி, ஆள் எடுத்துட்டா பிரச்சினை முடிஞ்சுதா? இல்லை. அந்த 18,766 காலியிடங்களில் 14,429 லோகோ பைலட் இடங்கள். இதற்கு நேரடித் தேர்வு கிடையாது; ஏ.எல்.பி.யாகச் சேர்ந்து, பயிற்சி பெற்று, சரக்கு ரயில், பயணிகள் ரயில் என்று படிப்படியாகத்தான் மேலே வர முடியும். அனுபவத்தை அவசரத்துக்குத் தயாரிக்க முடியாதே! அதுவரை பாரம் இருப்பவர்கள் தலையில்தான். 46 மணி நேர வார ஓய்வு, தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் பணி கூடாது என்று தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் 2024 ஜூனில் போராடினார்கள். காஞ்சன்ஜங்கா விபத்தை விசாரித்த பாதுகாப்பு ஆணையரோ, தானியங்கி சிக்னல் பழுதானால் என்ன செய்வது என்பதில் ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்றார். ஆளும் குறைவு, பயிற்சியும் குறைவு.

2025-ல் மேலும் 9,970 ஏ.எல்.பி. இடங்கள் அறிவிக்கப்பட்டன. தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.19,900, ரயில் ஓட்டும் படி தனி. 10-ம் வகுப்போடு ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன், டர்னர், வயர்மேன், டீசல் மெக்கானிக் போன்ற டிரேடு போதும். வெல்டர் அந்தப் பட்டியலில் இல்லை. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பட்டியலில் உள்ள டிரேடில் என்.எல்.சி. அப்ரண்டிஸ் முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் லெவல்-1 பணிகளுக்கான 20% ஒதுக்கீடு, ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு மட்டும்தான்.

தேர்வைத் தமிழில் எழுதலாம். மையம் பக்கத்தில் கிடைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2025 மார்ச்சில் தமிழகத் தேர்வர்கள் பலருக்கு தெலங்கானாவில் மையம் போட்டார்கள்.

இன்னொன்று: கோச்சிங் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் கண் டாக்டரைப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை கட்டாயம். லேசிக் சிகிச்சை செய்திருந்தால் தகுதி கிடையாது.